கோடு விழுந்த பெயர்

பேசாலை
09.12.2001

தம்பி எட்வேட்டுக்கு,

இரண்டு வருசமாக உமக்கு நான் ஒரு வரியும் எழுதவில்லை. எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். இப்போது எழுதுவதால் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். விசயம் அப்படிப்பட்டது. உம்முடைய அண்ணன் உயிரோடு இருக்கிறார்.

இருந்து வாசியும். எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை.

புதன்கிழமை தேர்தல் நடந்தது உமக்குத் தெரியும். நான் வாக்குப் போடப் போகிறவள் என்று நீர் ஒருநாளும் நினைத்திருக்க மாட்டீர். கலியாணம் முடித்த காலத்தில் அவர் பத்துத் தரம் கூப்பிட்டு, கடைசியில் கோபப்பட்டால்தான் சீலை மாற்றுவேன். ஆனால் அவர் காணாமல் போன பிறகு ஒரு தேர்தலையும் விட்டதில்லை. ஏன் என்று இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. வாக்காளர் இடாப்பில் அவருடைய பெயர் என் பெயருக்கு நேர் மேலே இருக்கிறது. பின்னேரம் சனம் குறைந்த பிறகு, அவருடைய வாக்காளர் அட்டையையும் என்னுடையதோடு சேர்த்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவேன். கிளாக்கர் அடிமட்டம் வைத்து என் பெயரில் கோடு இழுக்கும்போது மேல் வரியைப் பார்ப்பேன். அவருடைய பெயர் கோடில்லாமல் இருக்கும். ஆரும் அதைத் தொடவில்லை என்று தெரிந்தால் போதும், வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடிப்பேன். ஆருக்குப் புள்ளடி போட்டேன் என்பதுகூடச் சில வேளை மறந்துவிடும்.

இந்த முறை அவருடைய பெயரில் கோடு இருந்தது.

“இது ஆர் வெட்டினது?” என்று கேட்டேன். அந்தக் கிளாக்கர் வெளியூர்ப் பெடியன்.

“அவர் காலமையே வந்து போட்டிட்டுப் போயிட்டாரம்மா. உங்கட மனிசனே?” என்றான்.

“ஓம்” என்று சொல்லிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வெயில் பிடித்துவிட்டது என்று நினைத்துப் பின்னால் நின்ற பெண்கள் தண்ணீர் தந்தார்கள்.

கள்ள வாக்கு என்று நீர் சொல்வீர். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் கள்ள வாக்குப் போடுகிறவன் அட்டையைக் களவெடுத்துக்கொண்டு வருவான். அட்டை என் கைப்பைக்குள் இருக்கிறது. கிளாக்கரிடம் பிறகு விசாரித்தேன், வந்தவர் அட்டை இல்லாமல், வீட்டு இலக்கத்தைப் பிசகாமல் சொல்லியிருக்கிறார். அதுவும் விடிந்து ஏழு மணிக்கே. வாக்கென்றால் விடிய ஏழு மணிக்குப் போய் நிற்கிறவர் இந்த மன்னார்த் தீவில் வேறு ஆர்? போதாததற்கு அடுத்த வீட்டு யாகப்பர் அண்ணை வந்து, “பிள்ளை, அண்டைக்குக் காலமை பஸ் நிக்கிற இடத்தில உன்ர மனிசன்ர நடையில ஒருத்தன் போறதைக் கண்டனான்” என்றார். அவருக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருப்பது உண்மைதான். நடையைப் பார்க்க அவ்வளவு கண் தேவையில்லை.

இரண்டு வருசத்துக்கு முன்னம் நீர் ஆத்துமாக்கள் திருநாளுக்கு என்னிடம் ஒரு சொல் கேட்காமல், மரித்தவர்களின் பட்டியலில் அவருடைய பெயரையும் எழுதிச் சுவாமியாரிடம் கொடுத்தீர். முழுக் கோவிலும் கேட்க “பஸ்ரியன்” என்று வாசித்தார். நான் பிள்ளை பெற்றிசியாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பி வெளியே வந்தேன். நீர் அங்கேயே முழங்காலில் இருந்தீர். நீர் சாகக் கொடுத்த மனிதர்தான் இப்போது வந்து வாக்குப் போட்டிருக்கிறார். இனி அந்தப் பட்டியலை என்ன செய்யப் போகிறீர் என்று எழுதும்.

எடித்


நீர்கொழும்பு
22.12.2001

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் எழுதத் தொடங்கிக் கிழித்தேன். இங்கே நத்தாருக்கு வீதியெல்லாம் சோடித்திருக்கிறார்கள். நான் வேலை செய்கிற வலைக் கடையில் இரண்டு நாள் லீவு. பெற்றிசியாவுக்கு ஒரு சட்டைத் துணி வாங்கி வைத்திருக்கிறேன், ஆரும் வந்தால் கொடுத்து விடுவேன். அவளுக்கு இப்போது என்ன உயரம் என்று தெரியாததால் மூன்று யார் நீளமாக வாங்கினேன்.

நீங்கள் எழுதியதைப் பற்றி. மச்சாள், அவசரப்பட வேண்டாம். கிளாக்கர் வேலை செய்கிறவர்களுக்குப் பிழை வருவது உண்டு. அடிமட்டம் ஒரு வரி மேலே நகர்ந்திருந்தால் கோடு அண்ணனின் பெயரில் விழுந்திருக்கும். பிறகு அந்தப் பெடியன் தன் பிழையை மறைக்க “வந்து போட்டார்” என்று சொல்லியிருக்கலாம். யாகப்பர் அண்ணையின் கண்ணை நம்பி ஒன்றும் செய்ய வேண்டாம். அவர் என்னையே இரண்டு தரம் அண்ணன் என்று நினைத்துக் கூப்பிட்டிருக்கிறார்.

பெற்றிசியாவுக்கு இதைச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லாவிட்டால் நல்லது. படிக்கிற பிள்ளை.

பட்டியலில் பெயர் கொடுத்தது பிழை. உங்களைக் கேட்டிருக்க வேண்டும். அம்மா சாகும்போது “அவனுக்கு ஒரு பூசை வையடா” என்று என் கையைப் பிடித்துக் கேட்டதால் செய்தேன். இதை அப்போதே உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இன்னும் எழுத இருக்கிறது. இப்போது முடியவில்லை. நத்தார் வாழ்த்துக்கள்.

எட்வேட்


பேசாலை
06.01.2002

தம்பிக்கு,

அடிமட்டம் நகர்ந்ததாம்! ஒரு வரி மேலே நகர்ந்ததென்றால் என் பெயரை வெட்டப் போய்த்தான் நகர்ந்திருக்க வேண்டும். நான் போகும் வரைக்கும் என் வரி வெள்ளையாக இருந்தது. இதைக்கூட யோசிக்காமல் ஒன்பது நாளாக என்னத்தை எழுதிக் கிழித்தீர்? உம்முடைய அண்ணன் இருக்கிறார் என்றால் உமக்குச் சந்தோசம் வர வேண்டும். உமது கடிதத்தில் அது ஒரு துளியும் இல்லை.

பெற்றிசியாவுக்கு அன்று பின்னேரமே சொல்லிவிட்டேன். அப்பா போகும்போது அவளுக்குப் பத்து வயது. மீனுக்கு ஐஸ் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சைக்கிளில் பட்டணத்துக்குப் போனவர். மனிதரும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. இத்தனை வருசத்தில் அவள் அப்பாவைப் பற்றி என்னிடம் கதைப்பதையே விட்டிருந்தாள். இப்போது வாய் ஓயாமல் கதைக்கிறாள். “அப்பாக்கு இப்ப தலை நரைச்சிருக்குமே அம்மா?” என்று கேட்கிறாள். நானும் அவளும் இருந்து அவருக்கு எத்தனை வயது என்று கணக்குப் பார்த்துச் சிரித்தோம். இந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது எப்போது என்று எனக்கு ஞாபகமில்லை.

உயிரோடு வந்தவர் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று நீர் கேட்கலாம். அதையும் யோசித்துவிட்டேன். அவர் தான் பிறந்த ஊருக்கு, அக்கரையில் விடத்தல்தீவுக்குப் போயிருக்கிறார். சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் ஆமியின் பாஸ் இல்லாமல் இங்கே தங்க முடியாது. கடலால் வந்து வாக்கைப் போட்டுவிட்டு அதே வள்ளத்தில் திரும்பியிருப்பார். வீட்டுக்கு வந்தால் எங்களுக்குக் கரைச்சல் வரும் என்று பயந்திருப்பார். வாக்குப் போட்டால் நான் இடாப்பில் பார்ப்பேன் என்று அவருக்குத் தெரியும். எனக்குச் சேதி சொல்ல வேறு வழி அவருக்கு இருக்கவில்லை.

கோவிலில் சுவாமியார் பிரசங்கத்தில் எங்களைத் திட்டினார். எங்கள் சாவடியில் பாதிக்கும் குறைவான ஆட்கள்தான் வாக்குப் போட்டார்களாம், எங்களுக்கு அக்கறை இல்லையாம். நான் வீட்டுக்கு வந்து எங்கள் ஒழுங்கையை எண்ணிப் பார்த்தேன். இடாப்பில் இருபத்தொரு பெயர். ஆறு பேர் இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில். இரண்டு பேர் கனடாவில். செபமாலைக் கிழவர் செத்து மூன்று வருசம், மகள் இன்னமும் பெயரை எழுதிக் கொடுக்கிறாள். மிச்சம் பன்னிரண்டு. அதில் இரண்டு பேர் முள்ளிக்குளத்தில் வாடி அடித்துத் தொழில் செய்கிறார்கள், ஒரு வாக்குக்காக ஒரு நாள் தொழிலை விட்டு ஆர் வருவார்கள்? ஒருத்தி பிள்ளை பெற்று நாலாம் நாள். கடைக்காரப் பரமநாதன், “போட்டு இவ்வளவு நாளும் என்னத்தைக் கண்டனாங்கள்?” என்று கதிரையை விட்டு எழும்பவில்லை. மற்ற எட்டுப் பேரும் போட்டோம். உம்முடைய அண்ணனையும் சேர்த்துத்தான் எட்டு. சுவாமியாருக்கு இதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இனி என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். அந்த இடாப்பில் உம்முடைய பெயர் இல்லை. நீர் போன அடுத்த வருசம் ஊர் விதானையார் தில்லைநாதன் இடாப்புப் படிவம் கொண்டு வந்தார். வெளியூரில் வேலைக்குப் போனாலும் வீட்டு ஆளை எழுதலாம், எட்வேட்டை எழுதட்டோ என்று கேட்டார். “அப்பிடி ஒருத்தர் இந்த வீட்டில இல்லை” என்று சொன்னேன். அண்ணனின் பெயரை எழுதியபோது அவர் தலை குனிந்துகொண்டிருந்தார். நீர் அவரைச் செத்தவர்களோடு சேர்த்ததற்கு நான் உம்மை இல்லாதவர் ஆக்கினேன். அந்த நேரம் ஆத்திரம்.

பாதை திறக்கப் போகிறார்கள் என்று கதை. திறந்ததும் விடத்தல்தீவுக்குப் போவேன். நீரும் வந்தால் நல்லது. பட்ட கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு வாரும்.

எடித்


நீர்கொழும்பு
27.01.2002

அன்புள்ள மச்சாளுக்கு,

போக வேண்டாம். காரணத்தைச் சொல்ல முடியாமல் இருக்கிறேன், ஆனால் போக வேண்டாம்.

என் பெயரை எழுதாமல் விட்டதற்கு நான் உங்களைக் கோபிக்கவில்லை. சத்தியமாக. மனம் நொந்தது உண்மை. இங்கே நான் இருக்கிற அறையில் நாலு பேர், ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊர். என் பெயர் எழுதியிருக்கிற ஒரே கடுதாசி பொலிசில் கொடுத்த தங்குமிடப் பதிவு. அதில் வீட்டுக்காரி என் பெயரையே பிழையாக எழுதியிருக்கிறாள். அதனால்தான் எங்கள் வீட்டு இலக்கத்துக்குக் கீழே என் பெயரும் இருக்கிறது என்று நினைப்பதே எனக்கு ஒரு பிடிப்பாக இருந்தது.

ஐயா எங்களை வாக்குப் போடக் கூட்டிக்கொண்டு போவது உங்களுக்குத் தெரியாது, அது நீங்கள் வருவதற்கு முந்திய காலம். பூசைக்குப் போவதுபோல வெள்ளை வேட்டி. திரும்பி வந்ததும் அம்மா எல்லோருடைய சின்ன விரலையும் பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவா. எனக்குப் பதினெட்டு வயதாகி முதல்முறை போனபோது அண்ணன் தன் விரலை என் விரலோடு வைத்து, எவருடைய மை கறுப்பு என்று பார்த்தார். அந்தப் பழக்கம் எனக்கு விடவில்லை. 2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பாஸ் கிடைக்கவில்லை, அதுவே பெரிய குறையாக இருந்தது.

மச்சாள், கொஞ்ச நாள் பொறுங்கோ. நான் விரிவாக எழுதுகிறேன்.

எட்வேட்


பேசாலை
05.03.2002

தம்பிக்கு,

நீர் விரிவாக எழுதுவீர் என்று பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு வயதுதான் போகும். பாதை திறந்த கிழமையே நானும் பெற்றிசியாவும் போய் வந்தோம்.

உயிலங்குளத்துச் சோதனைச் சாவடியில் மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்றோம். பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். அவருடைய படத்தையும், நான் தைத்துக் கொண்டுபோன இரண்டு சேட்டுகளையும் பெற்றிசியா நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அளவு தெரியாமல் பழைய அளவிலேயே தைத்தேன். அங்கே போய் வீடு வீடாகப் படத்தைக் காட்டினோம். உங்கள் சொந்தக்காரர் மிச்சம் இருப்பது ஒரு வீடுதான், மதலேனா மாமியின் வீடு. அவ படத்தைப் பார்த்ததும் பெற்றிசியாவைக் கட்டிப்பிடித்து அழுதா. “இஞ்ச வரேல்லையடி பிள்ளை. வந்திருந்தா நான் சோறு குடுக்காமல் விட்டிருப்பனே?” என்றா. கரையில் ஒரு தொழிலாளி, அப்படி ஒருவரைக் கிளிநொச்சிப் பக்கம் கண்டதுபோல இருக்கிறது என்றான். எங்களைப் பார்க்கப் பாவமாக இருந்து சொன்னானோ, உண்மையாகக் கண்டானோ தெரியாது. பெற்றிசியா அதைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். வருகிற சோதினையை எடுக்கப் போவதில்லையாம். வன்னிக்குப் போய் அங்கே தங்கியிருந்து தேடுவோம் என்கிறாள். நான் முதலில் ஏசினேன். பிறகு யோசித்தால் அவள் சொல்வதும் சரிதான். இருக்கிற மனிதரைத் தேடாமல் இருக்க நான் ஆர்? கன்னியர் மடத்துத் தையல் வேலையை இந்த மாதத்தோடு விடுவதாகச் சொல்லிவிட்டேன். தையல் மெசினை விற்க ஆள் பார்த்தாகிவிட்டது. வீட்டைப் பூட்டித் திறப்பை யாகப்பர் அண்ணையிடம் கொடுத்துவிட்டு, பெரிய வியாழனுக்கு முன்னம் வெளிக்கிடுகிறோம். எப்போது திரும்புவோம் என்று தெரியாது.

அவரைக் கண்டதும் உமக்கு எழுதுவேன்.

எடித்


நீர்கொழும்பு
11.03.2002

மச்சாள்,

வெளிக்கிட வேண்டாம். மெசினை விற்க வேண்டாம். அந்தக் கோட்டுக்குக் காரணம் நான்.

இந்த ஒரு வசனத்தை எழுத எனக்கு மூன்று மாதம் பிடித்தது. இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

இந்த முறை பாஸ் கிடைத்துத் தேர்தலுக்கு முதல் நாள் இங்கிருந்து பஸ் ஏறினேன். மதவாச்சியில் இறக்கி மறித்து வைத்திருந்தார்கள். இருட்டும் நேரம் தலைமன்னாரில் ஒரு கூட்டாளியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். விடிய எழும்பி முழுகி வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு பேசாலைக்கு வந்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு முன்னால் நாலு பேர்கூட இல்லை, எங்கள் பக்கத்து ஆள் ஒருவரும் இல்லை. கட்சிகளின் முகவர் பெடியளும் பட்டணத்துக்காரர். கிளாக்கர் அட்டையைக் கேட்டான். இல்லை என்றேன். வீட்டு இலக்கம் கேட்டான், சொன்னேன். அவன் அடிமட்டத்தை வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தான்: “சூசைப்பிள்ளை...”

ஐயாவின் பெயர்தானே மச்சாள் எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் வருகிறது. நான் “ஓம்” என்றேன். என்னைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துச் சொன்ன ஓம் அது. அதற்குப் பிறகுதான் “...பஸ்ரியன்” என்றான். சொல்லி முடிக்கும்போதே கோடும் இழுத்துவிட்டான்.

அந்த நேரம் நான் “இல்லைத் தம்பி, நான் எட்வேட்” என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தலையை நீட்டித் தாளைப் பார்த்தேன். அண்ணனின் பெயருக்குக் கீழே உங்களுடைய பெயர். அதற்குக் கீழே வேறு வீட்டு இலக்கம். நான் இல்லை. அப்படியே வாயை மூடிக்கொண்டு சின்ன விரலை நீட்டினேன், மை பூசினார்கள். இதை நான் பிழை என்று சொல்லித் தப்பப் பார்க்கவில்லை. முதல் ஓம் பிழையாக வந்தது. அதற்குப் பிறகு பேசாமல் நின்றது நான் தெரிந்து செய்தது.

உள்ளே போய் மறைவில் நின்றேன். எனக்கு விருப்பமான சின்னம் வேறு. அண்ணன் ஆருக்குப் போடுவார் என்று எனக்குத் தெரியும், அதற்கே புள்ளடி போட்டேன். அவருடைய வாக்கு என்றால் அவருடைய விருப்பப்படி போக வேண்டும் என்று அந்த நேரம் தோன்றியது.

வெளியே வந்து எங்கள் ஒழுங்கை முனை வரைக்கும் நடந்தேன். பெற்றிசியா கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். அவளை முதலில் எனக்குத் தெரியவில்லை, நீங்கள் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு வளர்ந்துவிட்டாள். “சித்தப்பா” என்று கூப்பிட்டால் போவோம் என்று நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “அப்பிடி ஒருத்தர் இந்த வீட்டில இல்லை” என்று நீங்கள் சொன்னது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் தாளைப் பார்த்தவனுக்கு அது விளங்கிவிட்டது. திரும்பிப் போய் பஸ் ஏறினேன். யாகப்பர் அண்ணை கண்டது என்னைத்தான்.

நீங்கள் வாக்குப் போடப் போவீர்கள் என்று எனக்குத் தெரியாது. போனாலும் மேல் வரியைப் பார்ப்பீர்கள் என்று நான் எப்படி நினைப்பேன்? உங்கள் முதல் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். “உம்முடைய அண்ணன் உயிரோடு இருக்கிறார்” என்ற வரியை வாசித்ததும், மச்சாள், ஒரு நிமிசம் நானும் நம்பினேன். பிறகு அடுத்த பக்கத்தில் என்னையே கண்டேன்.

அப்போதே எழுதியிருக்க வேண்டும். நீங்களும் பிள்ளையும் சிரித்தீர்கள் என்று எழுதிய பிறகு எனக்குத் துணிவு வரவில்லை. அதுதான் நான் செய்த பெரிய பாவம். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புங்கோ. என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

எட்வேட்


பேசாலை
28.03.2002

திரு. எட்வேட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் வன்னிக்குப் போகவில்லை. நீங்கள் இனி இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம்.

எடித் பஸ்ரியன்


பேசாலை
16.06.2002

தம்பி எட்வேட்டுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியும் நீர் அனுப்பிய மூன்று கடிதங்களும் வந்தன. ஒன்றையும் பிரிக்கவில்லை, அலுமாரியில் இருக்கின்றன. நேற்று எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டிருப்பீர் என்று தெரியும். அதை வாசித்தால் பதில் சொல்ல வேண்டும். உம்மை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. ஆனால் உமக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது.

மூன்று மாதம் நான் பெண்சாதியாக இருந்தேன். மார்கழி தொடக்கம் பங்குனி வரைக்கும். சேட்டுத் தைத்தேன். கறி வைக்கும்போது அவருக்கு உறைப்புப் போதுமா என்று யோசித்தேன். பஸ் சத்தம் கேட்டால் தலையைத் தடவிக்கொண்டு படலையடிக்குப் போனேன். அதை எனக்குத் தந்ததும் நீர், பறித்ததும் நீர். தராமலே இருந்திருக்கலாம் என்று சில நாள் நினைக்கிறேன். அந்த மூன்று மாதமாவது கிடைத்ததே என்று வேறு சில நாள் நினைக்கிறேன். இதை ஆரிடம் போய்ச் சொல்வது? எனக்குத் தெரிந்த அளவுக்கு அவரைத் தெரிந்த மனிதர் உலகத்தில் நீர் ஒருவர்தான்.

பெற்றிசியாவுக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. போகவில்லை, பள்ளிக்கூடத்துக்குப் போ என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். பிறகு போனாள். அப்பாவை நான் கைவிட்டுவிட்டேன் என்று நினைத்து என்னோடு அளந்துதான் கதைத்தாள். நான் அதைப் பொறுத்துக்கொண்டு இருந்தேன்.

முந்தநாள் விதானையார் இடாப்புப் படிவத்தோடு வந்தார். சித்திரையில் பெற்றிசியாவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, இந்த முறை அவளையும் எழுத வேண்டும். “அப்ப இனி நீயே நிரப்பு பிள்ளை” என்று பேனையை அவளிடம் கொடுத்துவிட்டு விதானையார் தேத்தண்ணீர் குடித்தார். நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். முதலில் என் பெயர். அடுத்தது அவளுடைய பெயர், அதை மட்டும் வடிவாக, ஆறுதலாக எழுதினாள். மூன்றாவதாக “சூசைப்பிள்ளை” என்றேன். அவள் எழுதிவிட்டு, பஸ்ரியன் என்று தொடங்கப் பேனையை வைத்தாள். “எட்வேட்” என்றேன்.

ஆம், உம்முடைய பெயரை எழுதுவித்திருக்கிறேன். உமக்கு அட்டை இங்கேதான் வரும். அடுத்த முறை வந்தால் ஒழுங்கை முனையில் நிற்க வேண்டாம்.

படிவத்தில் இன்னும் இடம் இருந்தது. அவள் பேனையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். விதானையார் கோப்பையை வைத்துவிட்டு முற்றத்துக்கு எழும்பிப் போனார்.

“அப்பாவை எழுதேல்லையே அம்மா?” என்றாள்.

“இல்லைப் பிள்ளை.”

“ஏன்?”

“அப்பா செத்துப்போனார்.”

எட்டு வருசத்தில் இந்த வாயால் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தரம். அவள் அழவில்லை. என்னைக் கோபமாகப் பார்த்தாள்.

“ஆர் சொன்னது?” என்று கேட்டாள்.

பங்குனியில் வந்த உம்முடைய கடிதம் அலுமாரிக்குள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

“நான்தான் சொல்லுறன்” என்றேன்.

எடித்